இரும்புக் காசின் பாரமும் சிச்சுவானின் முதல் பணத்தாளும்

சீனாவில் காகிதப் பணத்தைக் கண்டுபிடித்த பேரரசர் யார், தாங் அரசமரபுக் காலத்தின் 'பறக்கும் பணம்'தான் உலகின் முதல் நோட்டா என்பது கேள்வி. பேரரசர் எவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதும், பறக்கும் பணம் நோட்டு அன்று என்பதும் இதற்கான சுருக்கமான விடைகள். சிச்சுவான் மாகாணத்துச் செங்டு நகரின் வணிகர்கள், சுமக்க முடியாத இரும்புக் காசுகளிலிருந்து தப்பிப்பதற்காக, 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்துகொண்ட ஏற்பாடே காகிதப் பணமாக வளர்ந்தது. அரசு அதைக் கையில் எடுத்தது 1023இல்தான்; தமிழகத்தில் அப்போது முதலாம் ராஜேந்திர சோழன் ஆண்டுகொண்டிருந்தான். எனவே 'பண்டைய சீனா' என்ற சொல்லையும் கொஞ்சம் தளர்த்தியே கொள்ள வேண்டும்.

இதற்கு முந்தைய உரிமைகோரல்களை முதலில் பார்த்துவிடலாம். ஹான் பேரரசர் வூ, கி.மு. 119இல் வெள்ளை மான்தோலை ஓரடிச் சதுரமாக வெட்டி, ஓரங்களில் சித்திரவேலை செய்து, ஒவ்வொன்றுக்கும் 4,00,000 காசு என்று விலை வைத்தார். அரசவைக்குப் பச்சைக்கல் காணிக்கை கொண்டுவரும் சிற்றரசர்கள் அதை இந்தத் தோலின்மேல் வைத்தே தர வேண்டும் என்பது ஆணை. வெள்ளை மானோ பேரரசரின் பூங்காவில் மட்டும் இருந்தது. சிற்றரசர்களிடமிருந்து பணம் கறக்கும் தந்திரம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சந்தையில் யாரும் அதைக் கொடுத்து அரிசி வாங்கியதில்லை. காகிதத்தில் காசின் உருவைச் செய்து இறந்தவர்களுக்காக எரிக்கும் வழக்கம் தாங் காலத்திலேயே பரவியிருந்தது. அந்த வகையில் உயிரோடிருப்பவர்களுக்கு முன்பே மறுவுலகத்தார் காகிதப் பணத்தைக் கையாளத் தொடங்கிவிட்டார்கள் என்று வேண்டுமானால் வேடிக்கையாகச் சொல்லலாம்.

பறக்கும் பணத்தின் கதை இவற்றைவிடக் கனமானது. தாங் அரசு 621இல் வெளியிட்ட, நடுவில் சதுரத் துளை கொண்ட வட்டச் செப்புக்காசு, பின்னர் வந்த சீனக் காசுகளுக்கெல்லாம் அச்சாக அமைந்தது. (இந்தக் காசை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று அழைத்தனர், அது நம்முடைய 'காசு' என்ற சொல் போர்த்துக்கீசியர் வாய்வழியாகத் திரிந்து சென்ற வடிவம்.) ஆயிரம் காசுகளைக் கயிற்றில் கோத்தால் ஒரு சரம், அதன் எடை ஏறத்தாழ 4 கிலோ. 780இல் வரிகளைப் பணமாகக் கணக்கிடும் முறை வந்தபின் நாடெங்கும் காசுக்குத் தட்டுப்பாடு ஏற்பட, மாகாணங்கள் தங்கள் எல்லைக்குள் இருக்கும் காசை வெளியே விட மறுத்தன. தெற்கிலிருந்து தேயிலை கொண்டுவந்து தலைநகர் சாங்கானில் விற்ற வணிகருக்கு, விற்ற பணத்தை எப்படி ஊர் கொண்டு சேர்ப்பது என்பது பெருங்கவலை. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஒரு வழி பிறந்தது. தலைநகரில் இருந்த மாகாண அலுவலகங்களிலோ செல்வந்தர் இல்லங்களிலோ காசைக் கட்டிவிட்டு, இரண்டாகப் பிளந்த சீட்டின் ஒரு பாதியை வணிகர் வாங்கிக்கொள்வார்; மறுபாதி மாகாணத்துக்குப் போகும்; ஊர் சேர்ந்து இரு பாதிகளையும் பொருத்திக் காட்டினால் பணம் கிடைக்கும். காசு கால்நடையாகப் போகாமல் பறந்துவிட்டதாக மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். 812இல் அரசின் நிதித்துறைகளே இதை ஏற்று நடத்த முன்வந்து ஆயிரத்துக்கு நூறு காசு கட்டணம் கேட்டபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை; கட்டணத்தை நீக்கிய பிறகுதான் வந்தார்கள்.

நகரத்தார் வணிகத்தில் புழங்கிய உண்டியலை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஓர் ஊரில் கட்டி வேறோர் ஊரில் பெறுவதற்கான சீட்டு அது. பணம் கொடுக்கப்பட்டவுடன் அதன் ஆயுள் முடிந்துவிடும். கட்டியவரை அறியாத மூன்றாமவர் ஒருவர், அந்தச் சீட்டையே விலையாக வாங்கிக்கொண்டு துணியைத் தரும் நிலை வந்தால்தான் அது பணம். தாங் காலத்துச் சீட்டு அந்த வாசற்படியைத் தாண்டவில்லை. சொங் அரசமரபும் 970இல் தலைநகர் கைஃபெங்கில் இப்படிப்பட்ட பணமாற்று அலுவலகத்தைத் திறந்தது. அதுவும் உண்டியலாகவே நின்றது. படியைத் தாண்டியது சிச்சுவான்.

ஏன் சிச்சுவான் என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. நாற்புறமும் மலை சூழ்ந்த அந்த வளமான படுகையில் பட்டும் தேயிலையும் உப்பும் ஏராளமாக விளைந்தன; வணிகம் பெரிது, செப்போ அரிது. சொங் படைகள் 965இல் அங்கிருந்த தனி அரசை வென்றபோது, கிடைத்த செப்புக்காசைத் தலைநகருக்கு அள்ளிச் சென்றதோடு, இனி அந்த மாகாணத்தில் இரும்புக் காசே புழங்க வேண்டும், வெளியிலிருந்து செப்புக்காசு உள்ளே வரக் கூடாது என்றும் விதித்தன. செப்பு, மலைகளைக் கடந்து மேற்கே போய்விடாமல் காக்க இதைவிட எளிய வேலி வேறில்லை. இரும்புக் காசை எல்லைக்கு வெளியே எவரும் சீந்தமாட்டார்கள். ஆனால் அதே அரசு வரியில் ஒரு பகுதியைச் செப்பாகவும் கேட்டது. பத்து இரும்புக் காசுக்கு ஒரு செப்புக்காசு என்ற அளவுக்கு மாற்று விகிதம் சரிந்தது. மக்கள் புத்தர் சிலைகளைச் சுரண்டியும் பழங்கல்லறைகளைத் தோண்டியும் வரிக்கான செப்பைத் தேடினார்கள் என்று அக்காலக் குறிப்புகள் பதிவு செய்கின்றன.

அந்த இரும்பின் எடையைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். சிறிய இரும்புக் காசில் பத்துச் சரம் 65 ஜின் எடை, அதாவது நம் கணக்கில் சுமார் 40 கிலோ. மெல்லிய பட்டு ஒரு சுருளின் விலை 20,000 காசு என்றால், கடைக்குப் போகிறவர் 80 கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாங்கிய பட்டையோ அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பிவிடலாம். மூன்று ஐந்து சரத்துக்கு மேல் போனாலே கையில் எடுத்துப் போவது கடினம் என்று அதிகாரிகளே எழுதினார்கள். இதே பாரம் ஆறரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு சுவீடனையும் வாட்டியது: அங்கே பத்து டாலர் (அக்காலச் சுவீடன் பணம்) மதிப்புள்ள செப்புப் பலகை நாணயம் ஒன்று 19 கிலோவுக்கு மேல் எடையுள்ளது, ஐரோப்பாவின் முதல் வங்கித்தாள்கள் 1661இல் வெளிவந்ததும் அந்நாட்டிலேயே. மலிவான உலோகத்தைப் பெரிய வணிகத்துக்குக் கட்டாயப் பணமாக்கிய இரண்டு இடங்களும் காகிதத்தைத் தேடிப்போனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாரம் மட்டும் இருந்திருந்தால் போதாது. தாளும் அச்சும் வேண்டும். காகிதம் சீனாவில் ஆயிரம் ஆண்டு பழையது, ஹான் அரண்மனை அதிகாரி சாய் லுன் அதன் செய்முறையைச் செம்மைப்படுத்தி அரசவையில் அளித்தது கி.பி. 105இல். சிச்சுவான் சிறந்த காகிதத்துக்கும் மரக்கட்டை அச்சுக்கும் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது. சொங் அரசு பௌத்த மறைநூல் தொகுதி முழுவதையும் அச்சிட முடிவு செய்து, 971 முதல் 983 வரை சுமார் 1,30,000 மரக்கட்டைகளைச் செதுக்கச் செய்ததும் இதே செங்டுவில்தான். அவ்வளவு செதுக்குத் தச்சர்கள் வாழ்ந்த ஊரில், பொய்யாகச் செய்ய முடியாத அளவுக்கு நுணுக்கமான சீட்டை அச்சிடுவது பெரிய காரியமாக இருந்திருக்காது.

993இல் வாங் சியாவ்போ, லி ஷுன் ஆகியோர் தலைமையில் எழுந்த விவசாயிகள் கிளர்ச்சியில் செங்டுவே வீழ்ந்தது, நாணயச்சாலைகள் நின்றன, சந்தையில் இரும்புக் காசும் குறைந்தது. அந்தக் குழப்பத்தினிடையே வணிகர்கள் தாங்களாகவே சீட்டு எழுதத் தொடங்கினார்கள். காசைக் கொண்டுவந்து ஒப்படைத்தவருக்கு, தொகையைக் கையால் எழுதிய பற்றுச்சீட்டு. எவர் அதைக் கொண்டுவந்து நீட்டினாலும் காசு. சரத்துக்கு 30 காசு மட்டும் பிடித்தம். இதற்கு 'ஜியாவ்ட்சி' என்று பெயர். 'ஜியாவ்' என்பது ஒன்றோடொன்று சேர்வதை, மாற்றிக்கொள்வதைக் குறிக்கும் சொல். இதே பெயரில் ஒலிக்கும் கொழுக்கட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை, எழுத்தே வேறு.

யார் வேண்டுமானாலும் சீட்டு விடலாம் என்றால் ஏமாற்றும் கூடவே வரும். 1005ஐ ஒட்டி, செங்டுவின் ஆளுநராக இருந்த ஜாங் யோங் இதை ஒழுங்குபடுத்தினார். பதினாறு செல்வக் குடும்பங்கள் சேர்ந்த குழு மட்டுமே சீட்டு வெளியிடலாம். ஒருவர் சீட்டுக்கு மற்றவரும் பொறுப்பு. எல்லாரும் ஒரே வகைத் தாளைப் பயன்படுத்தினார்கள். வீடுகளும் மரங்களும் மனிதர்களும் கொண்ட படங்களைக் கறுப்பிலும் சிவப்பிலும் அச்சிட்டு, தங்களுக்கு மட்டும் தெரிந்த மறைகுறிகளை இட்டு, தொகைக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு வைப்பார்கள். இந்த வசதிக்கு ஈடாக அரசுக் களஞ்சியக் கணக்கெடுப்புக்கும் அணைக்கரை வேலைக்கும் ஆளும் பொருளும் தர வேண்டியது அவர்கள் கடமை.

நோட்டின் வரலாற்றில் மிகவும் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. ஒவ்வோர் ஆண்டும் பட்டுக்கூடும் நெல்லும் கோதுமையும் கைக்கு வரும் பருவத்தில், அந்தக் குடும்பங்கள் ஒன்றிரண்டு முறை புதிய சீட்டுகளை அச்சிட்டு, விளைச்சலைக் கொள்முதல் செய்தன. காசு வார்ப்பதுபோல அவ்வளவு விரைவாக நடந்தது என்று வியப்போடும் வெறுப்போடும் குறிப்பு எழுதியவர் சொல்கிறார். யாரும் காசு ஒப்படைக்காமலேயே சீட்டு பிறந்தது என்பதே இதன் பொருள். பற்றுச்சீட்டு பணமாக மாறிய கணம் இதுதான் என்பேன். கடன் கொடுக்கும் வங்கியும் அதே கணத்தில் பிறந்துவிட்டது, அந்தப் பெயர் இல்லாமலேயே. வந்த பணத்தில் கிடங்குகளும் கடைகளும் தோட்டங்களும் நகைகளும் வாங்கிக் குவித்தார்கள். சந்தேகம் கிளம்பிய நாளில் சீட்டுக்காரர்கள் கூட்டமாக வந்து கதவைத் தட்டினால், நிலத்தையும் வீட்டையும் ஒரே நாளில் காசாக்க முடியாது. கடைகள் மூடப்பட்டன, வழக்குகள் எழுந்தன, அதிகாரிகள் தலையிட்டுத் தீர்த்து வைத்தபோது ஆயிரம் காசுக்கான சீட்டுக்கு எழுநூறோ எண்ணூறோதான் மிஞ்சியது.

1020களின் தொடக்கத்தில் ஆளுநராக இருந்த கோவ் ஜியென், இந்தத் தொழிலையே ஒழித்துவிடுவது என்று தீர்மானித்து, சீட்டுக் கடைகளை மூடச் செய்து அச்சுக்கட்டைகளை அழித்தார். அதன் விளைவு உடனே தெரிந்தது: வணிகம் முடங்கியது. பின்னர் பொறுப்பேற்ற சுயே தியென், மக்கள் நெடுநாள் பழகிவிட்ட வசதியைப் பறிப்பது முறையன்று, தனியார் வெளியிடுவதைத் தடைசெய்துவிட்டு அரசே வெளியிட வேண்டும் என்று தலைநகருக்கு எழுதினார். அப்போது பேரரசர் ரென்சொங் சிறுவன். ஆட்சியை நடத்தியவர் பேரரசித் தாய் லியூ. எளிய குடும்பத்தில் பிறந்து, ஒரு வெள்ளித் தட்டானோடு தலைநகருக்குப் பிழைக்க வந்த லியூ, செங்டு பகுதியைச் சேர்ந்தவர். இரும்புக் காசின் பாரத்தைக் கோப்பில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அவருக்கு இருந்திருக்காது.

1023இன் இறுதியில் அரசின் ஜியாவ்ட்சி அலுவலகம் அமைந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் முதல் வெளியீடு. அதன் விதிகள் இன்றும் வியப்பூட்டுபவை. ஒரு தவணையில் வெளிவரக்கூடிய உச்ச அளவு 12,56,340 சரம். அதற்கு எதிராக 3,60,000 சரம் இரும்புக் காசு கையிருப்பு, அதாவது நூற்றுக்கு 28 பங்குக்குச் சற்று மேல். தாள் கிழியும், அழுக்கேறும், கள்ள நோட்டுக்காரனுக்குப் படித்துப் பார்க்க நேரம் கிடைக்கும் என்பதால் ஒவ்வொரு தவணைக்கும் இரண்டாண்டுக் கெடு; கெடு முடிந்ததும் பழைய தாளைக் கொடுத்து, சரத்துக்கு 30 காசு கட்டணத்துடன் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று முதல் பத்துச் சரம் வரை தொகையை எழுதி முத்திரையிட்டு, பதிவேட்டில் ஏற்றித் தந்தார்கள். பின்னர் குறிப்பிட்ட சில மதிப்புகளிலேயே தாள்கள் வந்தன. தனியார் வணிகர் தவறிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அடைத்ததுபோல இருக்கிறது இந்த ஏற்பாடு. தாங்களாக ஒன்றைப் படைக்காத அதிகாரிகள், பிறர் படைத்ததை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டது அரிது.

நாற்பது ஐம்பது ஆண்டுகள் அது பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடியது. வடமேற்கே மேற்குச் சியா அரசுடன் போர் மூண்ட 1040களில், எல்லைப் படைக்குத் தானியம் வாங்க, கையிருப்பு இல்லாமல் பல லட்சம் சரத்துக்கான தாள்களை அனுப்பியது முதல் சறுக்கல். 1072 முதல் இரண்டு தவணைத் தாள்கள் ஒரே சமயத்தில் புழங்கலாம் என்று அனுமதித்தார்கள். ஒரு வரி ஆணையில் பணத்தின் அளவு இரட்டித்தது. பேரரசர் ஹுயிசொங் காலத்துப் போர்ச்செலவுகளால் வெளியீடு முதல் அளவைப் போல இருபது மடங்குக்கு ஏறியது. 1107இல் பழைய தாள் நான்குக்குப் புதியது ஒன்று என்று மாற்றித் தந்து, ஜியாவ்ட்சி என்ற பெயரையே கைவிட்டு வேறு பெயர் சூட்டினார்கள்.

தாள் சிச்சுவானுக்கு வெளியே வேரூன்றியதற்கு ஒரு காரணம், செப்பு நாட்டைவிட்டு வெளியேறியது. சொங் அரசு 1080இல் மட்டும் ஐம்பது லட்சம் சரத்துக்கு மேல் காசு வார்த்தது. ஆனாலும் கப்பல்கள் அதை ஜப்பானுக்கும் தென்கடல் நாடுகளுக்கும் கொண்டுபோயின. 1077இல் வந்த சோழ நாட்டுத் தூதுக்குழுவின் காணிக்கைக்கு மறுமொழியாக 81,800 சரம் காசும் வெள்ளியும் வழங்கப்பட்டதாகச் சொங் வரலாற்று ஏடு குறிக்கிறது. தஞ்சைப் பகுதியில் சீனக் காசுக் குவியல்கள் கிடைத்துள்ளன. வடக்கை இழந்து தலைநகர் தெற்கே லின்ஆனுக்கு, இன்றைய ஹாங்சோவுக்கு, மாறிய பின் செப்புச் சுரங்கங்களும் வற்றத் தொடங்கின. அங்கும் வணிகர்களே முதலில் 'ஹுயிட்சி' என்ற சீட்டைப் புழங்கவிட்டார்கள். 1160ஐ ஒட்டி அரசு அதைத் தனதாக்கிக்கொண்டது. மீண்டும் அதே வரிசை: சந்தை படைக்கும், அரசு ஏற்கும்.

ஹுயிட்சியின் அச்சுப் பலகையில் பொறித்திருந்த எச்சரிக்கை, கள்ளத்தாள் செய்பவருக்குத் தலைவெட்டு, காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 சரம் பரிசு என்கிறது. அதற்கும் அஞ்சாதவர்கள் இருந்தார்கள். 1182இல் மெய்யியலாளர் ஜு சி, தைசோ ஆளுநர் தாங் ஜோங்யோவின்மேல் சுமத்திய குற்றச்சாட்டுகளில், முன்பே கள்ளத்தாள் வழக்கில் தண்டனை பெற்ற ஜியாங் ஹுய் என்ற செதுக்குத் தச்சனை வீட்டில் வைத்துக்கொண்டு, நூல்களோடு ஹுயிட்சிக் கட்டையும் செதுக்க வைத்தார் என்பதும் ஒன்று. இருவருக்குமிடையே அரசியல் பகையும் இருந்ததால் குற்றச்சாட்டை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நூல் செதுக்கும் உளியும் நோட்டு செதுக்கும் உளியும் ஒன்றே என்பதை அந்த வழக்கைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. பேரரசர் சியாவ்சொங், இந்தத் தாள்பணத்தை எண்ணியே கிட்டத்தட்டப் பத்தாண்டுகள் தூக்கமில்லாமல் கிடந்ததாகச் சொன்னாராம். தாளின் அளவை அடக்கி வைக்க உண்மையிலேயே பாடுபட்டவர் அவர். பின்வந்தவர்களுக்கு அந்தக் கவலை குறைவு: 1240இல் பழைய தாள் ஐந்துக்குப் புதியது ஒன்று, 1247இல் கெடுவே நீக்கப்பட்டது, 1263இல் அமைச்சர் ஜியா சிதாவ் பெருநிலக்கிழார்களின் நிலத்தை வாங்குவதற்காக நாளொன்றுக்கு 1,50,000 சரத்துக்குத் தாள் அச்சிட வைத்தார்.

அதற்குள் வடக்கே மங்கோலியப் பேரரசன் குப்லாய் கான் 1260இல் தன் தாள்பணத்தை வெளியிட்டிருந்தான். மாகாணத்துக்குள் அடங்கிய பணமாகவோ, கெடு வைத்த பணமாகவோ அது இல்லை. பேரரசு முழுமைக்கும் ஒரே தாள், மதிப்புக்கு அடிப்படை வெள்ளி. மார்க்கோ போலோ முசுக்கொட்டை மரப்பட்டையில் செய்த இந்தத் தாளைப் பார்த்துத்தான், பேரரசரிடம் ரசவாதம் இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். அவர் பார்த்தது முந்நூறு ஆண்டுப் பட்டறிவின் முடிவை. செங்டுவின் தொடக்கம் அவர் காதுக்கு எட்டவேயில்லை. தாளும் முத்திரையும் போதும், அந்தப் பட்டறிவு தேவையில்லை என்று நினைத்த ஈரானின் மங்கோலிய ஆட்சியாளர் கைகாத்து, 1294இல் தப்ரீஸ் நகரில் அதே போன்ற தாளை வெளியிட்டபோது கடைவீதிகள் மூடிக்கொண்டன. சில வாரங்களிலேயே திரும்பப் பெற நேர்ந்தது. சீனாவிலும் 1287இல் பழைய தாள் ஐந்துக்குப் புதியது ஒன்று என்ற மாற்றம் வந்தது. 1350க்குப் பின் கிளர்ச்சிகளை அடக்க அச்சிட்ட தாள்களோடு, யுவான் என்ற அந்த மங்கோலிய அரசமரபின் ஆட்சியும் போயிற்று.

1375இல் மிங் அரசு வெளியிட்ட தாள், ஓரடிக்கு மேல் நீளமும் நடுவில் காசுச் சரங்களின் படமும் கொண்ட, பார்வைக்குக் கம்பீரமான தாள். ஆனால் அதைக் கொடுத்துச் செப்போ வெள்ளியோ கேட்க முடியாது, உச்ச அளவு கிடையாது, கெடு கிடையாது. செங்டு அலுவலகத்தின் மூன்று வேலிகளும் அகற்றப்பட்ட அந்தத் தாள் இருபதே ஆண்டுகளில் தன் மதிப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இழந்தது. 1436இல் அரசே நிலவரியின் ஒரு பகுதியை வெள்ளியாகப் பெறத் தொடங்கியது. அதன்பின் 17ஆம் நூற்றாண்டில் சிறிதளவு வெளியிட்டுப் பார்த்ததைத் தவிர, சீன அரசுகள் நான்கு நூற்றாண்டுகள் தாள்பணத்தின் பக்கம் திரும்பவில்லை. தைப்பிங் கிளர்ச்சியை அடக்கும் போரின் செலவுக்காக 1853இல் சிங் அரசு மறுபடியும் இரண்டு வகைத் தாள்களை விட்டது: செப்புக்காசுக் கணக்கிலானது 'சாவ்', வெள்ளிக் கணக்கிலானது 'பியாவ்'. அவையும் சில ஆண்டுகளில் செல்லாமல் போயின. ஆனால் இரண்டையும் சேர்த்து 'சாவ்பியாவ்' என்று சொன்ன வழக்கு தங்கிவிட்டது, சீன மொழியில் இன்றைக்கும் நோட்டுக்குப் பெயர் அதுதான்.